முயலை எங்கே வைப்பது: மொட்டை மாடியா, பால்கனியா, கொல்லையா, கூடமா?

முயல் வாங்கப் போனால் கடைக்காரர் கூடவே ஒரு கம்பிக் கூண்டையும் எடுத்து வைப்பார். நீளம் 2 அடி, அகலம் ஒன்றரை அடி, அடியில் கம்பிவலை, அதற்குக் கீழே இழுத்தெடுக்கும் தட்டு. முயலுக்கு இதுதான் வீடு என்று நாமும் நம்பி வாங்கி வந்துவிடுகிறோம். இந்தக் கூண்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அப்படி நம்ப மாட்டோம். இது இறைச்சி முயல் பண்ணைக் கூண்டின் சுருங்கிய வடிவம். பண்ணையில் வளர்ந்த முயலுக்கு 4, 5 சதுர அடி ஒதுக்குவார்கள். புழுக்கையும் மூத்திரமும் வலை வழியே கீழே விழுந்துவிடுவதால், குட்டிகளைக் கொல்லும் காக்சிடியோசிஸ் என்ற கழிச்சல் நோய் அங்கே கட்டுக்குள் இருக்கும். குட்டி 3 மாதத்தில் விற்பனைக்குப் போய்விடும். பண்ணைக்கு அந்தக் கணக்கு சரி. வீட்டில் நன்றாகக் கவனிக்கப்படும் முயல் 8 முதல் 10 ஆண்டுகள் வாழும். 3 மாதக் கணக்கில் செய்த பெட்டியில் அத்தனை ஆண்டுகளை அடைக்க முடியாது.

அளவிலும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. ‘டுவார்ஃப்’, வளராது என்று சொல்லி விற்கப்படும் வெள்ளைக் குட்டிகளில் பெரும்பாலானவை நியூசிலாந்து ஒயிட் போன்ற பண்ணை இனங்களின் கலப்பு. ஒரு வயதில் 3 கிலோவைத் தொட்டுவிடும். உள்ளங்கையில் அடங்கும் குட்டியைப் பார்த்து இடத்தைத் தீர்மானிக்காதீர்கள். கைகால் நீட்டிப் படுத்தால் 2 அடி நீளம் வரும் விலங்கை மனதில் வைத்துத் தீர்மானியுங்கள்.

தமிழ்நாட்டுச் சமவெளி வீடுகளில் முயல் வைக்கப்படும் இடங்கள் பொதுவாக நான்கு: மொட்டை மாடி, பால்கனி, கொல்லை, கூடம். இவற்றை ஒப்பிட மூன்று கேள்விகள் போதும். அங்கே மே மாதம் மதியம் 2 மணிக்கு எத்தனை டிகிரி? முயலின் பாதத்துக்குக் கீழே என்ன இருக்கிறது? அது சாப்பிடுவதை நிறுத்தினால் உங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் தெரியும்?

மூன்றாவது கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை; அதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. முயலின் குடல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். நார் உள்ளே போவது நின்றால் குடல் அசைவு தளரும்; வாயு சேரும்; வலி வரும்; வலியால் இன்னும் சாப்பிடாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. 12 மணி நேரம் சாப்பிடவில்லை, புழுக்கையும் இல்லை என்றால், விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. இரையாகும் விலங்கு என்பதால் முயல் வலியைக் காட்டாமல் மறைக்கும்; கத்தாது; மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். போகிற வருகிற வழியில் கண்ணில் படும் முயலின் புழுக்கை சிறுத்துப்போனதை அன்றே கவனிப்பீர்கள். மாடியில் இருக்கும் முயலுக்கு மறுநாள் தீவனம் போடப் போகும்போதுதான் தெரியும்.

வெப்பத்தைப் பற்றி. முயலுக்கு 15 முதல் 21 டிகிரி வரை சுகம். 28-ஐத் தாண்டினால் திணறல் தொடங்கும். 35-க்கு மேல் தன் உடல் வெப்பத்தைத் தானே சமாளிக்க அதனால் முடியாது. வியர்வையால் அதன் உடல் குளிர்வதில்லை. நாயைப் போல மூச்சிரைத்து வெப்பத்தை வெளியேற்றுவதிலும் அதற்குத் திறமை போதாது. காதுகளில் ஓடும் ரத்தக் குழாய்களே அதன் ரேடியேட்டர். சுற்றியுள்ள காற்றே உடல் சூட்டை எட்டிவிட்டால் அந்த ரேடியேட்டரால் பயனில்லை. மத்திய அரசின் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் தன் தென்மண்டல மையத்தைக் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் வைத்து அங்கே முயல்களையும் வளர்க்கிறது. முயலுக்கு எந்தத் தட்பவெப்பம் பொருந்தும் என்பதற்கு அந்த இடமே சாட்சி. வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் வைத்து வளர்க்கும் நாம் அந்தக் குளிர்ச்சியில் கொஞ்சத்தையாவது செயற்கையாகச் செய்து தரவேண்டும்.

தரை. நாய், பூனைக்கு இருப்பதுபோல முயலின் பாதத்தில் மெத்தை போன்ற திண்டு கிடையாது. தோலும் அடர்ந்த முடியும்தான். வலைக்கம்பியின் மேல் நாள் முழுக்க உட்கார்ந்தால் பின்னங்கால் குதியில் முடி உதிர்ந்து, சிவந்து, புண்ணாகும். எடை கூடிய முயலுக்குச் சீக்கிரமே வரும். எலும்புவரை போனால் ஆறுவது கடினம். அதற்கு நேர்மாறாக, நம் வீடுகளில் இப்போது போடும் பளபளப்பான விட்ரிஃபைட் டைல்ஸில் பின்னங்கால் வழுக்கி அகலும். துள்ளப் பயந்து மூலையில் உட்கார்ந்தே பழகிய முயலுக்குத் தசையும் எலும்பும் நலியும்.

மொட்டை மாடி

நான்கில் இதை மட்டும் எந்த நிபந்தனையும் இல்லாமல் நிராகரிக்கிறோம். காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, இரவு வெகுநேரம் வரை கக்கிக்கொண்டே இருக்கும். மேலே கீற்றோ பச்சை வலையோ போட்டால் வெயில் மேலே படாமல் இருக்குமே தவிர, தளத்திலிருந்து எழும் சூடு குறையாது. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை என்றால் கேட்கவே வேண்டாம். காகம் கூண்டு வலை வழியே காதைக் கொத்தும். இரவில் பூனை சுற்றி வந்தாலே போதும், கூண்டைத் திறக்க வேண்டியதில்லை. மிரண்டு துள்ளும் முயல் கூண்டில் மோதித் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். பின்னங்கால் தசை அவ்வளவு வலிமை, எலும்பு அவ்வளவு லேசு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மாடியில் நடப்பது கீழே இருக்கும் யாருக்கும் தெரியாது.

பால்கனி

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் முதலில் யோசிப்பது இதைத்தான். எந்தத் திசை என்பதே இங்கே பாதி விடை. மேற்குப் பார்த்த பால்கனி மதியம் 1 மணியிலிருந்து மாலைவரை காயும், அதை மறந்துவிடுங்கள். வடக்குப் பார்த்ததும், காலை 9 மணிக்கு மேல் வெயில் ஏறாதபடி மேல்தளம் மறைக்கும் கிழக்குப் பார்த்ததும் பயன்படும். அப்போதும், அது பகலில் சில மணி நேரம் உலவும் இடமாக இருக்கலாம். வசிக்கும் இடமாக வேண்டாம்.

கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியைக் கையால் அளந்து பாருங்கள். தலை நுழைந்தால் குட்டியின் உடலும் நுழைந்துவிடும். அரை அங்குல வெல்டிங் வலையைத் தரையிலிருந்து 3 அடி உயரத்துக்குக் கட்டுங்கள். மெல்லிய கோழிவலை வேண்டாம், கடித்து வளைத்துவிடும். வாஷிங் மெஷின் தண்ணீர் பால்கனியில் ஓடி வடிகிறதா என்றும் பாருங்கள். சோப்புத் தண்ணீரில் நனைந்த பாதத்தை முயல் நக்கும். தொட்டிச் செடிகளில் அரளி, அடீனியம், டிஃபன்பேக்கியா இருந்தால் வேறிடம் மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிக்கும் பால்கனி என்றால் அந்த இரண்டு மாதமும் முயல் உள்ளேதான்.

கொல்லை

தனி வீடு, கொல்லையில் வேம்போ மாவோ நிழல் தந்தால் இது கெட்ட தேர்வல்ல. ஊர்ப்பக்கம் பலர் இப்படித்தான் வளர்க்கிறார்கள். பகல் வெப்பத்தில் மர நிழல், மூடிய கூடத்தைவிடவும் சில வீடுகளில் நன்றாகவே இருக்கும். ஆனால் பெட்டியைச் சரியாகச் செய்யவேண்டும். செலவும் உழைப்பும் நான்கு இடங்களில் இங்கேதான் அதிகம்.

பெட்டி குறைந்தது 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். மூன்றில் ஒரு பங்கு, பலகையால் மூடிய இருட்டறை. மீதி முன்புறம் அரை அங்குல வெல்டிங் வலை. தரைக்கு வலை வேண்டாம்; பலகை போட்டு, மேலே வைக்கோல் பரப்புங்கள். கால்கள் இரண்டரை முதல் 3 அடி உயரம். கூரைக்குத் தென்னங்கீற்று, தகரம்தான் இருக்கிறது என்றால் அதன்மேல் கீற்றை இரட்டையாக வேயுங்கள். நீளவாட்டில் கிழக்கு மேற்காக வைத்தால் பக்கங்களில் வெயில் குறைவாக விழும்.

எறும்பை மறக்காதீர்கள். செவ்வெறும்பு ஓர் இரவில் குட்டிகளைத் தின்றுவிடும். பெட்டியின் ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது பழைய வழி, இன்றும் அதுதான் சரி. ஆனால் அந்தத் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும் என்பதால் உப்பு நிறையக் கரைத்துவிடுங்கள், அல்லது 3 நாளுக்கொரு முறை கொட்டி மாற்றுங்கள். மரக்கிளையோ கொடியோ பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்த வழியாக வந்துவிடும்.

சிந்திய தீவனத்துக்கு எலி வரும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும். இரவில் தீவனத் தட்டை எடுத்துவிட்டு உலர்புல்லை மட்டும் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். கீரியும் நாயும் உள்ள இடத்தில் வெறும் கொக்கி போதாது, தாழ்ப்பாளில் பூட்டு வேண்டும்.

கொல்லையில் நாம் அதிகம் அஞ்சுவது ஈயை. முயலின் பின்பக்கத்தில் மென்புழுக்கை (முயல் மறுபடி தின்னும் ஈரமான புழுக்கை) ஒட்டிக்கொண்டிருந்தால் ஈ அங்கே முட்டையிடும். ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஆகவே தினமும் ஒருமுறை முயலைத் தூக்கி வாலடியைப் பார்க்கவேண்டும். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், மறு கை பிட்டத்தைத் தாங்கி. காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. காதின் உட்புறத்தில் பழுப்பாகப் பொருக்குத் தட்டினால், மூக்கு நுனியிலும் நகத்தடியிலும் வெள்ளையாகப் படிந்தால், அது பூச்சிச் சொறி. ஐவர்மெக்டின் ஊசியில் தீரும்; அளவை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை முயலுக்குப் போடாதீர்கள். அது முயலுக்கு நஞ்சு. வாய்வழி அமாக்சிசிலினும் அப்படியே: குடலில் செரிமானம் நடத்தும் நுண்ணுயிர்களைக் கொன்று முயலையும் கொன்றுவிடும்.

கூடத்தில் அடைப்பு

எங்கள் பரிந்துரை இதுதான். வாங்கவேண்டியது கூண்டு அல்ல. நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் மடக்குக் கம்பித் தடுப்பு. 2 அடி அகலத்தில் 8 பலகங்கள், இரண்டரை முதல் 3 அடி உயரம். ஒன்றரை அடி உயரத்தில் கிடைப்பதை வாங்கினால் முதல் வாரமே தாண்டிவிடும்.

இதை எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து இடம் மாறும். நடுக்கூடத்தில் எண்கோணமாக நிறுத்தினால் 19 சதுர அடி. ஒரு சுவரை ஒட்டி மூன்று பக்கம் மட்டும் 4, 8, 4 அடியாகத் தடுத்தால் 32 சதுர அடி. இரண்டு சுவர் சேரும் மூலையில் இரண்டு பக்கம் மட்டும் 8 அடி, 8 அடியாகத் தடுத்தால் 64 சதுர அடி. அதே 8 பலகம்தான். பிரிட்டனில் முயல் நலனுக்கென்று இயங்கும் அமைப்பு ஒரு ஜோடிக்குக் குறைந்தபட்சமாகச் சொல்லும் 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடமும் ஏறக்குறைய இதே 64 சதுர அடிதான். சின்னக் கூடத்தில் அவ்வளவு முடியாது. 32 கிடைத்தாலும் தினம் 3, 4 மணி நேரம் வெளியே விட்டால் ஈடுகட்டிவிடலாம். சுவரோடு சேரும் இரு முனைகளையும் கனமான அலமாரியில் கட்டி நிறுத்துங்கள். இல்லையென்றால் மூக்கால் தள்ளியே வழி செய்துகொள்ளும். பலகங்களின் கம்பி இடைவெளி ஒன்றரை அங்குலம் இருந்தால் 2 மாதக் குட்டி புகுந்து போய்விடும். முதல் 3 மாதம் கீழே ஓரடி உயரத்துக்குச் சிறுகண் வலை கட்டுங்கள். கட்டும் பிளாஸ்டிக் முடிச்சுகளின் வால் வெளிப்பக்கம் இருக்கட்டும்.

தரைவிரிப்பில் நம் ஊர் நமக்குக் கைகொடுக்கிறது. பவானி ஜமுக்காளம் போன்ற கனத்த பருத்தி விரிப்பு வழுக்காது, துவைக்கலாம், பாதத்துக்கும் இதம். ஓரம் பிரிந்து நூல் தொங்கினால் வெட்டிவிடுங்கள். காலில் சுற்றி இறுக்கும். சாயமில்லாத கோரைப்பாய் இன்னும் நல்லது. கோரை புல்லைப் போன்ற செடிதான், கடித்துத் தின்றாலும் குடலை அடைக்காது. பாவுநூல் பருத்தியா என்று பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் நூலில் நெய்தவை இப்போது நிறைய வருகின்றன. குழந்தைகளுக்கு விரிக்கும் ஸ்பாஞ்சு ஓடுகளை மட்டும் போடவே போடாதீர்கள். கடித்து விழுங்கிய ஸ்பாஞ்சு செரிக்காது, குடலில் அடைத்துக்கொள்ளும்.

வீடு நாறும் என்ற பயத்தில்தான் பலர் முயலை மாடிக்கு அனுப்புகிறார்கள். முயலின் உலர்ந்த புழுக்கை நாறுவதே இல்லை, நாறுவது மூத்திரம். முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் போகும் என்பதால் பழக்குவது சுலபம். 45 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழமுள்ள பிளாஸ்டிக் டிரே ஒன்றை அது தேர்ந்தெடுத்த மூலையில் வையுங்கள். அடியில் 5, 6 தாள் செய்தித்தாள், மேலே ஒரு விரற்கடை உயரம் அழுத்திய மரத்துகள் வில்லைகள், அதற்கும் மேலே ஒரு பிடி உலர்புல். முயல் மூத்திரத்தில் நனைத்த தாளையும் சில புழுக்கைகளையும் உள்ளே போடுங்கள். உலர்புல் தொட்டியை டிரேயின் மேலேயே மாட்டுங்கள். தின்றுகொண்டே போவது முயலின் வழக்கம். அந்த வழக்கமே பாதி வேலையைச் செய்துவிடும். தாளைத் தினமும் மாற்றி, 3 நாளுக்கொரு முறை டிரேயை வினிகர் ஊற்றித் தேய்த்தால் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்புப் படிவம் போய்விடும். பூனைக்கு விற்கும் கட்டியாகும் களிமண்ணும் தென்னைநார்க் கழிவும் வேண்டாம். தின்றுவிட்டால் அவை குடலுக்குள் உப்பும். மூத்திரம் ஆரஞ்சாகவோ செங்கல் நிறத்திலோ இருந்தால் பெரும்பாலும் அது தின்ற கீரையின் நிறமிதான். சொட்டுச் சொட்டாக முக்கிப் போனாலும், திட்டுத் திட்டாக ரத்தம் தெரிந்தாலும் மருத்துவரிடம் போங்கள்.

தண்ணீருக்குக் கனத்த பீங்கான் கிண்ணம். கூண்டோடு வரும் உருளைமுனைப் புட்டியில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கோடையில் தேவையான அளவு குடிக்க முடியாது.

அடைப்பே இல்லாமல் வீடு முழுக்கத் திறந்துவிடுவதையும் சிலர் விரும்புகிறார்கள். பழகிய முயலுக்கு அது சொர்க்கம்தான், ஆனால் ஆறு மாதமாவது கழித்து. அதற்குள் எல்லா மின்கம்பிகளையும் பிவிசி குழாய்க்குள் நுழைத்திருக்கவேண்டும். 230 வோல்ட்டில் முயலுக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. சோபா அடித்துணியைப் பிரித்து உள்ளே புகுவதும், ஃபிரிட்ஜின் பின்னால் ஒளிவதும் வாடிக்கை. நீங்கள் வெளியே போகும் நேரத்திலும் இரவிலும் அடைப்புக்குள் விட்டுவிடுவதே நல்லது.

புல் எங்கிருந்து?

கொல்லையில் வளர்ப்பவருக்குப் பச்சைப்புல் கிடைக்கும். கூடத்தில் வளர்ப்பவர் உலர்புல்லை நம்பியே இருக்கவேண்டும். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இடத்தை முடிவு செய்யாதீர்கள். முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்தான். அதன் 28 பற்களும் ஆயுள் முழுக்க வளரும். முன்பற்கள் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அவற்றைத் தேய்ப்பது நாரைப் பக்கவாட்டில் அரைக்கும் அசைவு. கேரட்டைக் கடிப்பதால் பல் தேயாது. ஒன்றரைக் கிலோ முயலுக்கு ஒரு நாளைக்கு 75 கிராம் அளவு உலர்புல் கணக்கு. ஆனால் அளந்து வைக்காமல் எப்போதும் நிறைய இருக்கும்படி விடுங்கள்.

இறக்குமதியாகும் திமொத்தி உலர்புல் எல்லாவிதத்திலும் பொருத்தமானது, விலைதான் பாரம். அதற்கு நெருக்கமாக வரக்கூடியவை நம் கொழுக்கட்டைப் புல்லும் கினியாப் புல்லும். பூக்கும் தறுவாயில் அறுத்து, நிழலில் 2, 3 நாள் பரப்பி, தண்டை வளைத்தால் ஒடியும்வரை காயவைத்துக் காற்றாடும் சாக்கில் கட்டி வையுங்கள். பூஞ்சை வாடை வந்தால் ஒரு பிடிகூடத் தராதீர்கள். கால்நடைத் தீவனம் வளர்ப்பவர்களிடம் எளிதில் கிடைப்பது கோ-4, கோ-5 கம்பு நேப்பியர். நீர்ச்சத்து நிறைந்தது, அளவு மிஞ்சினால் கெடுதல் செய்யும் ஆக்சலேட் என்ற உப்பும் உண்டு. பாதிக்குப் பாதி வேறு புல்லோடு கலந்து தரலாம், அதை மட்டுமே தந்து வளர்க்கக்கூடாது. அருகம்புல் முயலுக்குப் பிரியமானது. கோயில் வாசலில் கட்டாக விற்பதை நன்றாக அலசி, உலர்த்தித் தாருங்கள். சாலையோரத்தில் பறித்ததில் நாய் மூத்திரமும் களைக்கொல்லியும் இருக்கும். வைக்கோல் விரிப்புக்கு ஆகும், சத்து கிடையாது.

குதிரைமசால், வேலிமசால், அகத்தி மூன்றையும் பண்ணைக்காரர்கள் போற்றுவதைக் கேட்டு வீட்டு முயலுக்கு அள்ளிப் போடுகிறார்கள். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்தவை. வளரும் குட்டிக்கு 6 மாதம்வரை சரி. அதன்பின் தினமும் தந்தால் மிஞ்சிய சுண்ணாம்புச் சத்து சிறுநீர்ப்பையில் குழைசேறாகவும் கல்லாகவும் தேங்கும். முருங்கைக் கீரைக்கும் இதே எச்சரிக்கை: வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு இணுக்கு. தினசரிக் கீரைக்குக் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, காலிஃபிளவரைச் சுற்றியிருக்கும் இலை ஆகியவை நல்லவை; காய்க்காரர் கழித்துப் போடுவதையே கேட்டு வாங்கலாம். பெல்லட் (கடையில் விற்கும் அழுத்திய குச்சித் தீவனம்) முயலின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம். பொட்டலத்தில் நார்ச்சத்து 18 சதவீதத்துக்குக் குறைந்தால் வேண்டாம். சோறு, பிஸ்கட், ரொட்டி, கடலை எதுவுமே வேண்டாம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இலை, தக்காளி இலை நஞ்சு. எந்தப் புது உணவையும் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். 4, 5 வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்து விற்கப்படும் குட்டிகள் கழிச்சலில் சாவதற்கு, வந்த அன்றே வீட்டார் அன்போடு ஊட்டும் கீரையும் ஒரு காரணம். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை வாங்காதீர்கள்.

துணைக்கு இன்னொன்று வேண்டுமா? முயல் கூட்டமாக வாழும் விலங்கு. பகலில் வீட்டில் யாரும் இல்லையென்றால் இரண்டாக வளர்ப்பதே நியாயம். ஆனால் கடையில் இரண்டும் பெண் என்று சொன்னதை நம்பி வைத்து, 4 மாதத்தில் குட்டி போட்ட வீடுகள் ஏராளம். சினைக்காலம் 31 நாள்தான். ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினைபிடிக்கும். ஆணுக்குக் கருத்தடை செய்தபின்னும் 4 முதல் 6 வாரம் பிரித்தே வையுங்கள். அதுவரை விந்து மிச்சமிருக்கும். பெண்ணுக்கும் செய்வது அவசியம். செய்யாத பெண் முயல்களுக்கு நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருகிறது. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரிடமே போகவேண்டும். பக்கத்தில் அப்படி யாரும் இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரியுங்கள். அறுவைக்குமுன் முயலைப் பட்டினி போடக்கூடாது. நாய்க்குச் சொல்வதையே இதற்கும் சொன்னால், வேறு மருத்துவரைப் பாருங்கள்.

கத்திரி வெயிலும் தீபாவளியும்

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஆண்டில் இந்த இரண்டு காலம் சோதனை. அக்னி நட்சத்திர நாட்களில் கூடத்திலேயே 34 டிகிரி இருக்கும். மின்விசிறி மட்டும் போதாது, முயலுக்கு உலர வியர்வை இல்லை. ஒரு லிட்டர் புட்டியில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி உறையவைத்து, பருத்தித் துண்டில் சுற்றி அடைப்புக்குள் படுக்கவையுங்கள். முயல் அதை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். நான்கு புட்டி இருந்தால் மாற்றி மாற்றிப் பகலைக் கடத்தலாம். இரண்டடிக் கடப்பா கல் ஒன்று நிழலில் கிடக்கட்டும். ஈரக் கோணி தொங்கவிடும் வழி கோவை, மதுரை, வேலூர் போன்ற வறண்ட ஊர்களுக்குத்தான் பொருந்தும். சென்னை, நாகப்பட்டினக் கடற்கரைப் புழுக்கத்தில் ஈரம் ஆவியாகாது. கோணி புழுக்கத்தைத்தான் கூட்டும். அங்கே மதியம் 12 முதல் 4 வரை குளிர்சாதனம் உள்ள அறையில் முயலுக்கும் இடம் கொடுங்கள்.

முயல் வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, காது சிவந்து சுட்டாலோ, உமிழ்நீர் ஒழுகித் தாடை நனைந்தாலோ வெப்ப அதிர்ச்சி. குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளைத் துடைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்; அந்த அதிர்ச்சியே கொல்லும்.

தீபாவளிக்கு முந்தைய நாளே, கொல்லையிலோ பால்கனியிலோ இருக்கும் முயலை வீட்டின் உள்ளறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒளிந்துகொள்ள இரண்டு வாசல் வைத்த அட்டைப்பெட்டி, உள்ளே நிறைய உலர்புல். மறுநாள் காலை முதல் வேலையாகப் புழுக்கையை எண்ணுங்கள். மிரட்சியில் குடல் நிற்பது இந்த நாட்களில் அதிகம்.

ஏற்கெனவே மாடிக் கூண்டில் முயல் இருக்கிறது என்றால் ஒரே நாளில் பெரிய இடத்தில் விடாதீர்கள். முதல் நாள் 4 பலகம் மட்டும் வைத்துச் சுவர் மூலையில் 16 சதுர அடி அடைப்பு செய்து, பழைய கூண்டை அதற்குள்ளேயே கதவைத் திறந்து வையுங்கள். கூண்டின் கம்பித் தரைமேல் கோரைப்பாய்த் துண்டு ஒன்றைப் போடுங்கள். உள்ளங்கால்களைத் திருப்பிப் பார்த்து, முடி உதிர்ந்த இடத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் வாராவாரம் ஒப்பிடலாம். சமையலறைத் தராசில் எடை குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் நூறு கிராம் குறைந்தாலும் பல்லை மருத்துவரிடம் காட்டவேண்டும். மூன்று நாளுக்கொரு முறை ஒரு ஜோடிப் பலகம் கூட்டுங்கள். முயல் கூண்டுக்குள் போய்ப் படுப்பதை நிறுத்திய பிறகும் கூண்டைத் தூக்கிப் போட வேண்டாம். கதவையும் அடிவலையையும் கழற்றிவிட்டு, மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்தினால் அதுவே ஒளிந்துகொள்ளும் குகை ஆகிவிடும்.